டிராகன் யாரைத் தேர்ந்தெடுக்கிறது?

(வாசிப்பு வட்டக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த மாதக் கூட்டத்தில் எந்த நூலைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று ஒருங்கிணைப்பாளர் கேட்டபோது, ‘ஃபோர்த் விங்’ என்றேன். அலைபேசியின் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, “டிராகன் கதையா தோழர்?” என்றார். “ஆமாம் தோழர். டிராகன் கதைதான். காதலும் இருக்கிறது, கட்டில் காட்சியும் இருக்கிறது” என்றேன். “சரி, பேசுங்க. ஆனா அரசியலும் கொஞ்சம் பேசுங்க” என்றார்.

அரசியல் பேசத்தான் வந்திருக்கிறேன். அதற்கு முன் ஒரு கேள்வி. இங்கே எத்தனை பேர் இந்த நாவலைப் படித்திருக்கிறீர்கள்? கை தூக்க வேண்டாம், பக்கத்தில் இருப்பவர் பார்ப்பார். விடுதி அறையில் விளக்கை அணைத்துவிட்டு, அலைபேசி வெளிச்சத்தில், விடிய விடிய இதைப் படித்தவர்கள் இந்த அறையிலேயே ஐந்தாறு பேராவது இருப்பீர்கள். நானும் அப்படித்தான் படித்தேன். ஆய்வேட்டின் மூன்றாம் இயலை எழுத வேண்டிய வாரத்தில் ஐந்நூறு பக்கத்தை மூன்று இரவில் முடித்தேன். அதற்காக வெட்கப்படவில்லை. படித்து முடித்தபோது வேறொரு விஷயத்துக்காக வெட்கப்பட்டேன். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் தகவல்கள். ரெபெக்கா யாரோஸ் அமெரிக்கர், ராணுவக் குடும்பத்தில் பிறந்து ராணுவ வீரர் ஒருவரை மணந்தவர். இந்த நாவலுக்கு முன்பே பல காதல் நாவல்களை எழுதியிருந்தார். ‘ஃபோர்த் விங்’ 2023 மே மாதம் வந்தது. அதே ஆண்டு நவம்பரில் இரண்டாம் பாகம் ‘அயர்ன் ஃபிளேம்’ வந்தது. 2025 ஜனவரியில் மூன்றாம் பாகம் ‘ஆனிக்ஸ் ஸ்டார்ம்’ வந்தபோது முதல் வாரத்திலேயே 27 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. பெரியவர்களுக்கான நாவல்களில் இருபது ஆண்டுகளில் இவ்வளவு வேகமாக எதுவும் விற்றதில்லை என்று செய்தி வந்தது. காதலையும் மாயப் புனைவையும் சேர்த்துச் செய்த இந்த வகைக்கு ‘ரொமான்டஸி’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வாசகர்களில் பெரும்பகுதி பெண்கள். அவர்கள் டிக்டாக்கில் ஒருவருக்கொருவர் சொல்லிச் சொல்லியே வளர்ந்த சந்தை இது.

கதை இதுதான். நவார் என்றொரு நாடு. அங்கே பாஸ்கயத் என்னும் போர்க் கல்லூரி. அதில் நான்கு பிரிவுகள்: டிராகன் வீரர்கள், காலாட்படையினர், மருத்துவர்கள், எழுத்தர்கள். இருபது வயது வயலெட் சோரெங்கேல், எழுத்தராகப் போக அப்பாவிடம் பயிற்சி பெற்றவள். அப்பா இறந்துவிட்டார். அம்மாவோ படைத் தளபதி. “என் மகள் டிராகன் வீரராகத்தான் போக வேண்டும்” என்று தள்ளிவிடுகிறார். அந்தப் பிரிவில் தேர்வில் தோற்றால் வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள். செத்துப்போவீர்கள். முதல் நாளே, பிடித்துக்கொள்ள எதுவுமில்லாத ஒரு குறுகிய கல் பாலத்தை நடந்து கடக்க வேண்டும். விழுந்தால் கதை முடிந்தது. அதைத் தாண்டினால் சக மாணவரோடு சண்டை, அதைத் தாண்டினால் செங்குத்தான தடை ஓட்டம், அதையும் தாண்டினால் டிராகன்கள் ஆளைத் தேர்ந்தெடுக்கும் நாள். பிடிக்காதவரை டிராகன் எரித்துவிடும்.

இனி கதையின் முடிச்சுகளை எல்லாம் அவிழ்க்கப் போகிறேன். படிக்காதவர்கள் மன்னிக்கவும்.

இது ஏன் இழுக்கிறது? வயலெட்டின் உடம்பு. அவளுடைய மூட்டுகள் சட்டென்று நழுவும். எலும்பு சீக்கிரம் முறியும். தினமும் முழங்காலில் துணி சுற்றிக்கொண்டுதான் எழுந்திருக்கிறாள். நூலில் அந்த நோய்க்குப் பெயர் சொல்லப்படவில்லை. ஆனால் யாரோஸுக்கே எலர்ஸ்-டான்லோஸ் என்னும் இணைப்புத் திசு நோய் இருக்கிறது. வயலெட்டுக்கும் அதுதான் என்று அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். வாளெடுத்த கதாநாயகிகளை நிறையப் பார்த்திருக்கிறோம். வலியோடு எழுந்து, வலியோடு படுக்கிற கதாநாயகியை எத்தனை முறை பார்த்திருக்கிறோம்? வலி இவளுக்கு ஒரு இயலில் வந்து அடுத்த இயலில் குணமாகிவிடுவதில்லை. கூடவே இருக்கிறது. “உன்னால் முடியாது, போய்விடு” என்று பக்கத்துக்கு ஒருவர் சொல்கிறார்கள். அவள் போகவில்லை.

முதல் தலைமுறையாகப் பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்த எவருக்கும் இந்த இடம் நெஞ்சில் தைக்கும். “உனக்கு இது ஒத்துவராது” என்பதை நாம் கேட்காத மொழி உண்டா? அக்கறையாகச் சொல்வார்கள், கிண்டலாகச் சொல்வார்கள், நேர்காணல் மேசைக்கு அந்தப் பக்கமிருந்து சிரித்துக்கொண்டே சொல்வார்கள். வயலெட்டின் பால்ய நண்பன் டெய்ன் அவளைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப இதையேதான் சொல்கிறான். அவனைப் பார்த்து எரிச்சல்பட்ட அத்தனை வாசகிகளுக்கும் அந்த எரிச்சல் சொந்த வாழ்க்கையிலிருந்து வந்தது. ஆகவே தோழர்களே, பெண்கள் விரும்பிப் படிக்கும் காதல் கதை என்றாலே குப்பை என்று ஒதுக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். நம் வீடுகளில் ரமணிசந்திரன் நாவலை அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்துப் படித்த அம்மாக்களை நாம் கிண்டல் செய்திருக்கிறோம். அவர்களுக்கு அதில் என்ன கிடைத்தது என்று கேட்டதில்லை.

இப்போது அந்த வெட்கத்துக்கு வருகிறேன்.

பாஸ்கயத்தில் தினமும் காலையில் மாணவர்களை அணிவகுத்து நிற்க வைத்து, முந்தைய நாள் இறந்தவர்களின் பெயர்களை வாசிப்பார்கள். தொடக்கத்தில் வயலெட் ஒவ்வொரு பெயருக்கும் துடிக்கிறாள். நாளாக நாளாக அந்த வாசிப்பு பழகிப்போகிறது. எனக்கும் பழகிப்போனது. இருநூறு பக்கம் தாண்டியபோது பெயர்களைத் தாவிப் படித்துக்கொண்டிருந்தேன். வயலெட் பெயர் இல்லை, சரி, அடுத்த பக்கம்.

எனக்கு ஒரு வருடம் பின்னால் ஆய்வில் சேர்ந்த தங்கை ஒருத்தி இருந்தாள். இரண்டாம் ஆண்டின் நடுவில் நின்றுவிட்டாள். துறையில் காரணம் கேட்டவர்களிடம், “அவளால முடியல” என்று நானே சொன்னேன். அவளுக்கு உதவித்தொகை எட்டு மாதமாக வரவில்லை என்பதும், மாலையில் மூன்று வீடுகளில் டியூஷன் எடுத்துத்தான் விடுதிக் கட்டணம் கட்டினாள் என்பதும், நெறியாளர் அவளுடைய இயலை ஐந்து மாதம் திறந்துகூடப் பார்க்கவில்லை என்பதும் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. பின்னால் தெரிந்தது என்று சொல்கிறேன். கேட்டிருந்தால் முன்னாலேயே தெரிந்திருக்கும். வருகைப் பதிவேட்டில் அவள் பெயர் மேல் கோடு விழுந்த நாளில் எனக்குள் வருத்தத்தோடு இன்னொன்றும் எட்டிப்பார்த்தது. நான் இன்னும் இருக்கிறேன் என்கிற நிம்மதி. அந்த நிம்மதிக்குத்தான் வெட்கப்பட்டேன்.

இந்த நாவலைப் படிக்கச் சொன்னவளே அவள்தான். இப்போது ஒரு பள்ளியில் ஆசிரியை. “அக்கா, காலையில செத்தவங்க பேர் வாசிக்கிற இடம் வந்துடுச்சா?” என்று ஒரு செய்தி அனுப்பினாள். அவ்வளவுதான். அதன் பிறகு இந்த நூலை என்னால் முதலில் படித்த மாதிரி படிக்க முடியவில்லை.

இரண்டாம் முறை படித்தபோது நான் தேடியது ஒன்றே ஒன்று. வயலெட் எப்படிப் பிழைத்தாள்?

மன உறுதியால் என்று நாவல் சொல்கிறது. உண்மைதான், உறுதி இருக்கிறது. ஆனால் நாவலே போகிற போக்கில் இன்னொரு பட்டியலையும் தருகிறது. அவளுடைய அக்கா மீரா ஏற்கெனவே டிராகன் வீரர். பாலத்தில் வழுக்காமல் இருக்க ரப்பர் அடியுள்ள பூட்ஸைக் கொண்டுவந்து மாட்டிவிடுகிறாள். டிராகன் செதில் வைத்துத் தைத்த மேற்சட்டை தருகிறாள். கத்தி உள்ளே இறங்காது. அண்ணன் பிரென்னன் அதே கல்லூரியில் எப்படித் தாக்குப்பிடிப்பது என்று எழுதிவைத்த கையேட்டை ரகசியமாகக் கொடுக்கிறாள். அந்தக் கையேட்டின் உதவியோடுதான், யாரோடு மோதப்போகிறோம் என்பதை வயலெட் முன்கூட்டியே தெரிந்துகொள்கிறாள். அப்பாவிடம் கற்ற படிப்பை வைத்து எதிராளிக்கு அளவாக விஷம் கொடுக்கிறாள். உள்ளே மேல்வகுப்பில் பால்ய நண்பன் இருக்கிறான். அம்மா தளபதி.

அண்ணல் அம்பேத்கர் 1936-இல் லாகூர் மாநாட்டுக்காக எழுதி, ஏற்பாட்டாளர்கள் மாநாட்டையே ரத்து செய்ததால் பேச முடியாமல், தாமே அச்சிட்டு வெளியிட்ட ‘சாதி ஒழிப்பு’ உரை நம் எல்லோருக்கும் தெரியும். அதில் சமத்துவம் பற்றிப் பேசும் இடத்தில் ஒரு மனிதரின் ஆற்றல் மூன்றைச் சார்ந்தது என்கிறார். பிறப்பில் வந்த உடல், சமூகம் வழியாகக் கிடைத்த சொத்து, சொந்த முயற்சி. இரண்டாவதில் பெற்றோரின் பராமரிப்பும் கல்வியும் அறிவுச் சேமிப்பும் அடங்கும். முதல் இரண்டும் சமமில்லாதபோது பந்தயத்தை நடத்தினால் திறமைசாலி வெல்ல மாட்டார், வசதி உள்ளவர்தான் வெல்வார் என்பது அவர் வாதம். இந்த நாவலை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வயலெட்டுக்கு முதலாவது குறைவு. மூன்றாவது நிறைய. நாவல் இந்த இரண்டையும்தான் வெளிச்சம் போட்டுக் காட்டுகிறது. இரண்டாவது பூட்ஸாகவும் சட்டையாகவும் கையேடாகவும் அவள் மேலேயே இருக்கிறது. ஆனால் அதை அன்பு என்று மட்டுமே நாவல் பார்க்கிறது. அன்புதான். சொத்தும்கூட.

ஒரே ஒரு இடத்தில் நாவல் இதைத் தொட்டுவிடுகிறது. பாலத்துக்குப் படியேறும்போது வயலெட்டோடு ரியானன் என்னும் பெண்ணும் டிலன் என்னும் இளைஞனும் வருகிறார்கள். ரியானனின் பூட்ஸ் அடி வழவழப்பானது. மழை. வயலெட் தன்னுடைய ஒரு பூட்ஸைக் கழற்றி அவளுக்குக் கொடுத்து, அவளுடையதில் ஒன்றை வாங்கி மாட்டிக்கொள்கிறாள். ஆளுக்கொரு காலில் பிடிப்பு. இருவரும் கடக்கிறார்கள். டிலன் விழுந்து சாகிறான். அவன் தன் காதலிக்காக மோதிரம் வைத்திருந்தான். வயலெட்டின் நல்ல மனம் என்று இந்தக் காட்சியை எல்லோரும் சிலாகிப்பார்கள். எனக்கு இதுதான் நாவலின் மிக நேர்மையான காட்சி. இரண்டு பூட்ஸை மூன்று பேருக்குப் பங்கிட முடியாது. பெரிய மனதுள்ள ஒருத்தியால் இன்னொருத்தியைக் காப்பாற்ற முடியும். மூன்றாமவனைக் காப்பாற்ற அந்தப் பாலத்தை இடித்தால்தான் உண்டு. பாலத்தை ஏன் இடிக்கவில்லை என்று ஐந்நூறு பக்கத்தில் எவரும் உரக்கக் கேட்பதில்லை. போருக்கு வீரர்கள் பற்றவில்லை என்று ஒரு பக்கம் புலம்பிக்கொண்டே, மறுபக்கம் இளைஞர்களை வரிசையாகக் கொல்லும் கல்லூரி இது. இதில் தர்க்கமும் இல்லை, நீதியும் இல்லை. ஆனாலும் படிக்கும்போது நமக்கு உறுத்துவதில்லை. ஏனென்றால் ‘தகுதி’ என்று சொல்லிவிட்டார்கள். வடிகட்டினால்தான் தரம் என்ற வாதத்தை நாம் எத்தனை நுழைவுத் தேர்வு விவாதங்களில் கேட்டிருக்கிறோம்!

இதற்கு நேர் எதிரான காட்சி ஒன்றும் உண்டு. அதையும் சொல்லியாக வேண்டும். டிராகன்கள் தேர்ந்தெடுக்கும் நாளில் அந்தார்னா என்னும் சின்னஞ்சிறு பொன்னிற டிராகனைக் கொல்ல மூன்று பேர் கிளம்புகிறார்கள். தலைவன் ஜாக் பார்லோ. காரணம், அது பலவீனமானது. வயலெட் குறுக்கே நிற்கிறாள். அந்தக் கணத்தில்தான் டெயர்ன் என்னும் பெரிய கருப்பு டிராகன் அவளைத் தேர்ந்தெடுக்கிறது. அந்தார்னாவும் அவளைத் தேர்ந்தெடுக்கிறது. பலவீனமானதைக் கொல்லத் துணிபவனை வில்லனாகவும், அதற்காகக் குறுக்கே நின்றவளைத் தகுதியானவளாகவும் காட்டுகிற அந்த உணர்வு நல்ல உணர்வு. பிறகு டெயர்ன் மேல் உட்கார முடியாமல் வயலெட் நழுவும்போது அவளுக்கென்று ஒரு சேணம் செய்து தரப்படுகிறது. மற்றவர்களுக்குத் தேவைப்படாத சேணம். “மற்றவர்களுக்கு இல்லாதது எனக்கு எதற்கு” என்று முதலில் அவள் கூசுகிறாள். சாய்தளமோ கூடுதல் நேரமோ இட ஒதுக்கீடோ, எதுவானாலும் இதே கூச்சத்தை நம் பிள்ளைகள் மேல் ஏற்றிவிடுகிறார்கள். சேணத்தோடு பறந்தால் அது பறத்தல் இல்லையா?

ஆனால் நாவல் அங்கே நிற்கவில்லை. வயலெட்டுக்கு ஒரு டிராகன் போதவில்லை, இரண்டு. கிடைக்கும் சக்தியும் சாதாரணமானது இல்லை, மின்னலையே கையில் பிடிக்கிறாள். பலவீனமான உடம்புக்கு இடமுண்டு என்று தொடங்கிய கதை, அந்த உடம்புக்குள் எல்லோரையும்விடப் பெரிய சக்தி ஒளிந்திருந்ததால் இடமுண்டு என்று முடிகிறது. மின்னல் வராத வயலெட்டுகளின் கதி என்ன? அசாதாரணமாக இருந்தால்தான் சாதாரண மரியாதை கிடைக்கும் என்பது நமக்குப் பழகிய நிபந்தனை. தங்கப் பதக்கம் வாங்கிய தலித் மாணவியைக் கொண்டாடுவார்கள். ஐம்பத்தைந்து விழுக்காடு வாங்கி, வாழ்க்கையை நிம்மதியாக வாழ விரும்பும் தலித் மாணவிக்கு இடம் எங்கே?

அடுத்து, கதாநாயகன். ஸேடன் ரையர்சன். டிரென்டோர் மாகாணத்தில் அரசுக்கு எதிராகக் கலகம் நடத்தி மரண தண்டனை பெற்ற தலைவரின் மகன். கலகக்காரர்களின் பிள்ளைகள் எல்லோருடைய உடம்பிலும் டிராகன் மந்திரத்தால் ஒரு அடையாளம் பொறிக்கப்பட்டிருக்கிறது. மறைக்க முடியாது, அழிக்க முடியாது. பெற்றோர் கொல்லப்படுவதைப் பார்க்க வைக்கப்பட்டவர்கள் அவர்கள். மூன்று பேருக்கு மேல் ஒன்றாகக் கூடக் கூடாது. கட்டாயமாக டிராகன் பிரிவில் சேர்ந்தாக வேண்டும், அதாவது பெரும்பாலும் சாக வேண்டும். அந்த 107 பேருக்கும் ஸேடன் பொறுப்பேற்கிறான். அவன் முதுகில் ஆளுக்கொன்றாக 107 வடுக்கள்.

அமெரிக்க வாசகர்கள் இதை எதோடு பொருத்திப் படிப்பார்களோ, எனக்கு 1871-இன் குற்றப் பரம்பரைச் சட்டம்தான் நினைவுக்கு வந்தது. பிறப்பாலேயே குற்றவாளி. பெயர்ப் பதிவு, கைரேகை, ராத்திரி நேர ஆஜர், ஊரை விட்டுப் போக அனுமதிச் சீட்டு. சென்னை மாகாணத்துக்கு அது 1911-இல் வந்தது. 1920-இல் பெருங்காமநல்லூரில் கைரேகை வைக்க மறுத்தவர்கள் சுடப்பட்டார்கள். பெற்றோர் செய்ததற்குப் பிள்ளையின் உடம்பில் முத்திரை என்ற கற்பனை யாரோஸுக்குக் கற்பனை. நமக்கு வரலாறு. அதனால்தான் அந்தப் பிள்ளைகள் ஓக் மரத்தடியில் ரகசியமாகக் கூடிப் பேசும் காட்சியும், அதைப் பார்த்துவிட்ட வயலெட் காட்டிக்கொடுக்காமல் இருப்பதும் எனக்குப் பிடித்தன. முந்தைய ஆண்டு உயிரோடு தப்பியவர்கள் புதிதாக வந்தவர்களுக்கு எப்படிப் பிழைப்பது என்று சொல்லித் தருகிறார்கள். வயலெட்டுக்கு அண்ணன் எழுதிய கையேடு இருந்தது. கையேடு இல்லாதவர்கள் கூடித்தான் பேச வேண்டும். இந்தக் கூட்டமே அப்படி ஒன்றுதானே!

குறை எங்கே என்றால், அந்த 107 பேரின் கதையை நாவல் ஒரே ஒருவனின் அழகான முதுகில் எழுதிவிட்டது. மற்றவர்கள் அவனுக்கு விசுவாசமானவர்கள், அவ்வளவுதான். நமக்கு நெருக்கமாகும் இன்னொருவன் லியம். அவனும் வயலெட்டைக் காவல் காத்து, கடைசியில் சாகிறான். முத்திரை குத்தப்பட்டவனின் உயிர் கதாநாயகியின் கண்ணீருக்குச் செலவாகிறது. இதை நம் தமிழ் சினிமாவில் எத்தனை நண்பன் பாத்திரங்களில் பார்த்திருக்கிறோம் என்று எண்ணிச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்று. இது எதிரிகள் காதலர்களாகும் கதை. அவள் தாய் அவன் தந்தையைப் பிடித்தவர். அவள் அண்ணனின் சாவுக்கு அவன் தந்தையின் கலகம் காரணம் என்று அவள் நம்புகிறாள். ரத்தம் தோய்ந்த எல்லையைக் கடக்கும் காதல்தான், மறுக்கவில்லை. ஆனால் ஸேடன் யார்? பிரபுவின் வாரிசு. வயலெட் யார்? தளபதியின் மகள். அரசியலில் எதிரெதிர், அந்தஸ்தில் ஒரே தட்டு. காலாட்படையில் இருக்கும் ஒருவனை அவள் காதலித்திருந்தால்? முதல் நூலில் காலாட்படைக்காரர்களுக்குக் கிட்டத்தட்ட முகமே இல்லை. சாதியை உடைக்க அகமண முறையை உடைக்க வேண்டும் என்று படித்து வளர்ந்த நமக்கு இந்தக் கேள்வி வராமல் போகாது. எல்லை மீறிய காதல் என்று சொல்லப்படும் ஒவ்வொரு கதையிலும் எந்த எல்லை மீறப்பட்டது, எது பத்திரமாக இருக்கிறது என்று பார்க்கப் பழகுவோம்.

அந்தக் காதலின் சம்மதத்தையும் பார்க்க வேண்டும். அவர்களுடைய டிராகன்கள் இரண்டும் ஏற்கெனவே இணைகள். எனவே மனிதர்களும் ரொம்ப தூரம் பிரிந்திருக்க முடியாது. டிராகன்களின் வேட்கை இவர்களுக்குள்ளும் வழிகிறது. இது யாரோஸ் கண்டுபிடித்ததில்லை. 1968-இல் ஆன் மெக்காஃப்ரி எழுதிய ‘டிராகன்ஃபிளைட்’ நாவலிலேயே டிராகன்கள் கூடும்போது அவற்றின் மனிதர்களும் இழுபடுவார்கள். அரை நூற்றாண்டு கழித்தும் பெண்ணின் ஆசைக்கு மிருகத்தின் மேல் பழிபோட வேண்டியிருக்கிறது. யாரோஸ் இதில் ஒரு படி முன்னே வந்திருக்கிறார். வயலெட் தன் ஆசையைத் தானே வாய்விட்டுச் சொல்கிறாள், அதற்காகத் தண்டிக்கப்படவில்லை. ஆனால் ஸேடன் பெரிய உண்மைகளை அவளிடமிருந்து மறைக்கிறான். அவளுக்கு எது தெரியலாம் என்பதை அவனே முடிவு செய்கிறான். மறைப்பதும் ஒரு கவர்ச்சியாகவே எழுதப்பட்டிருக்கிறது. முடிவில் அவள் அவனை நம்ப மறுக்கிறாள் என்பது ஆறுதல்.

நான் வரலாற்றுத் துறை. ஆகவே நாவலில் எனக்கு நெருக்கமான இடம் ஆவணக் காப்பகம். நவார் நாட்டின் எல்லைக்கு வெளியே வெனின் என்னும் கொடியவர்கள் மக்களை அழிக்கிறார்கள். அரசுக்கு அது தெரியும். தெரிந்தும் எல்லையை மூடிக்கொண்டு, வெனின் என்பதே கட்டுக்கதை என்று சொந்த மக்களிடம் சொல்கிறது. எழுத்தர்கள் நூற்றாண்டுகளாக ஆவணங்களைத் திருத்தியிருக்கிறார்கள். கலகக்காரர்கள் கலகம் செய்ததே இந்தப் பொய்யை எதிர்த்துத்தான். வாளைவிட ஏடு கொடியது என்று வயலெட் உணரும் இடம் வலுவானது. காப்பகத்தில் உட்கார்ந்து, ஒரு கிராமத்தின் பெயர் எந்த ஆண்டோடு ஆவணத்திலிருந்து காணாமல் போகிறது என்று தேடியிருக்கிற எவருக்கும் அது புரியும்.

ஆனால் அந்த வெனின் யார்? டிராகன் வழியாகச் சக்தி பெற்றால் வீரர். டிராகன் இல்லாமல் மண்ணிலிருந்து நேரடியாக எடுத்தால் அரக்கர். மண்ணை உறிஞ்சிச் சாகடிப்பதால் அவர்கள் கொடியவர்கள் என்று நாவல் காரணம் சொல்கிறது. இயற்கையைச் சுரண்டுவோரின் உருவகமாக அதைப் படிக்கலாம், நியாயம்தான். ஆனாலும் எனக்குள் ஒரு சந்தேகம் நெளிந்தது. மேலிருந்து தரப்பட்டால் வரம், அனுமதியின்றித் தானே எடுத்துக்கொண்டால் பாவம் என்ற கதையை நாம் ஏற்கெனவே கேட்டிருக்கிறோம். தவம் செய்ததற்காகத் தலை வெட்டப்பட்ட சம்பூகனின் கதை தெரிந்தவர்களுக்கு இந்தச் சந்தேகம் வரத்தான் செய்யும்.

மொழி பற்றியும் ஒரு வார்த்தை. இந்த நூலின் டிராகன் பெயர்களில் சில கேலிக் மொழியிலிருந்து எடுக்கப்பட்டவை. டெயர்னின் முழுப்பெயருக்கு ஸ்காட்லாந்து கேலிக்கில் இடி என்று பொருள். 2023 இறுதியில் யாரோஸ் அந்தப் பெயர்களை உச்சரித்த விதத்தை அந்த மொழிக்காரர்கள் விமர்சித்தார்கள். சின்ன விஷயம் போலத் தெரியலாம். ஆனால் ஸ்காட்லாந்தின் 1872 கல்விச் சட்டத்தில் அந்த மொழிக்கு இடமே தரப்படவில்லை. பள்ளியில் அதைப் பேசிய குழந்தைகள் அடி வாங்கினார்கள். அடி வாங்கிய மொழி டிராகனுக்குப் பெயர் வைக்க மட்டும் அழகாக இருக்கிறது என்றால், அந்த மொழிக்காரருக்குக் கோபம் வருவதில் வியப்பில்லை.

‘இதற்கு மாற்றாக வேறென்ன படிப்பது?’ என்று கேட்பீர்கள். இதே 2023 மே மாதம் இன்னொரு டிராகன் நாவலும் வந்தது. மோனிக்வில் பிளாக்கூஸ் எழுதிய ‘டு ஷேப் எ டிராகன்ஸ் பிரெத்’. ஆசிரியர் வட அமெரிக்கத் தொல்குடி இனத்தவர், வாம்பனோவாக் மக்களைச் சேர்ந்தவர். இளையோருக்கான நாவலாக ஆண்ட்ரே நார்டன் விருதும் லோட்ஸ்டார் விருதும் வாங்கியது. அதில் அனெக்வஸ் என்னும் தொல்குடிப் பெண்ணை ஒரு டிராகன் குஞ்சு தேர்ந்தெடுக்கிறது. குடியேற்றக்காரர்களின் பள்ளியில் சேர்ந்து அவர்கள் முறையில் பயிற்றுவிக்காவிட்டால் அந்தக் குஞ்சைக் கொன்றுவிடுவார்கள். அவள் போகிறாள். ஆனால் அந்தப் பள்ளியின் தராசில் தன்னை நிறுத்துப் பார்க்கவே அவள் சம்மதிப்பதில்லை. என் மக்களுக்கு டிராகன்களோடு உறவு உங்களுக்கு முன்பே இருந்தது, நீங்கள் சொல்லித்தருவதில் பயனுள்ளதை எடுத்துக்கொள்கிறேன் என்ற நிமிர்வோடு நடமாடுகிறாள். வயலெட் கேட்பது, நான் இந்த இடத்துக்குத் தகுதியானவள்தானா என்று. அனெக்வஸ் கேட்பது, இந்த இடம் எந்தத் தகுதியில் என்னை அளக்கிறது என்று. இந்த நாவல் மெதுவாகத்தான் போகும். மூன்று இரவில் முடிக்க முடியாது. முதல் நாவலுக்கு இருக்கும் வேகம் இதற்கில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆகவே ‘ஃபோர்த் விங்’கைப் படிக்காதீர்கள் என்று நான் சொல்லப் போவதில்லை. படியுங்கள். ஆசையோடு படியுங்கள். வலிக்கிற முழங்காலோடு ஒருத்தி டிராகன் மேல் ஏறும்போது கண் கலங்கினால் கலங்குங்கள். எனக்கும் கலங்கியது. காலையில் பெயர்களை வாசிக்கும் இடம் வரும்போது மட்டும் பக்கத்தைப் புரட்டாதீர்கள்.

இந்த உரையைத் தயாரித்த பிறகு அந்தத் தங்கைக்குத் தொலைபேசியில் கூப்பிட்டேன். “அன்னைக்கு எல்லார்கிட்டயும் உன்னால முடியலன்னு சொன்னது நான்தான்” என்றேன். “தெரியும்க்கா” என்றாள். கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. பிறகு அவளே, “அடுத்த வருஷம் திரும்பச் சேரலாம்னு இருக்கேன். விண்ணப்பத்தை ஒரு தடவை பார்த்துத் தர்றீங்களா?” என்றாள். பார்த்துத் தருகிறேன் என்றேன். என்னிடம் இருக்கும் மாதிரி விண்ணப்பங்கள், நேர்காணலில் கேட்கப்பட்ட கேள்விகள், உதவித்தொகை தாமதமானால் யாருக்கு எப்படி எழுத வேண்டும் என்ற குறிப்புகள் எல்லாவற்றையும் ஒரே கோப்பாக்கிக்கொண்டிருக்கிறேன். அவளுக்கு மட்டுமில்லை, கேட்கும் யாருக்கும் அனுப்புவேன். கூட்டம் முடிந்ததும் உங்கள் மின்னஞ்சலைத் தந்துவிட்டுப் போங்கள். பாலத்தை எப்படி இடிப்பது என்று அடுத்த கூட்டத்தில் சேர்ந்து பேசுவோம்.

ஜெய்பீம்.